தலை எண்ணும் புதன்கிழமை

— அந்த நாற்காலி வேண்டாம் டெவோனா, மேல ஒழுகுது. இப்படித் தள்ளி உட்காரு.

— இன்னுமா ஒழுகுது, மிஸஸ் பெட்வே?

— நீ போனப்புறம் தங்கத்துல கூரை போட்டுட்டாங்கன்னு நெனச்சியா கண்ணு? பையன் எங்க?

— வெளிய பெஞ்சுல உட்கார வெச்சிருக்கேன். ஓமாரியை மறுபடி இங்க சேர்த்துக்கணும். அதைக் கேட்கத்தான் வந்தேன்.

— போன ஜூன்ல இதே ரூம்ல நின்னு என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— "இது ஸ்கூல் இல்ல, குப்பைத்தொட்டி. டெட்ராய்ட்ல எந்த அம்மாவும் தன் பிள்ளையை இதுல போட மாட்டா"ன்னே. ஹெட்மிஸ்ட்ரஸ் என் மூஞ்சியப் பார்த்துச் சொன்னே.

— மார்ச் மாசம் பூரா கிளாசுக்குள்ள கோட்டைப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தான் மேடம். ஹீட்டர் ஓடல. பெத்தவ எனக்கு வயிறு எரியாதா? அந்தப் பக்கம் சார்ட்டர் ஸ்கூல் திறக்கறாங்க, கவர்மெண்ட் பணம், நடத்தறது மட்டும் கம்பெனி, இனி எல்லாம் சரியாயிடும்னாங்க. போனேன். நீங்களா இருந்தா போயிருக்க மாட்டீங்களா?

— போயிருப்பேன். அதான் எனக்கு ஆத்திரமே. சரி, எதுக்குத் துரத்தினாங்க?

— துரத்தினாங்கன்னு நான் சொல்லவே இல்லையே.

— கண்ணு, இது அக்டோபர் கடைசி. இந்த வாரம் என் முன்னாடி வந்து உட்கார்ற முதல் அம்மா நீ இல்ல.

— வரிசைதான் காரணம். அங்க எல்லாத்துக்கும் வரிசை. கையைப் பின்னால கட்டிக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு, தரையில போட்டிருக்கற கோட்டு மேலயே நடக்கணும், பாத்ரூமுக்குப் போனாலும். இவன் வரிசையை விட்டுட்டு மாடிப்படிப் பக்கம் ஓடறான். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. ஓடினா உடனே எனக்கு போன், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. நான் பிளாண்ட்ல கார் சீட்டு தைச்சிட்டு நிக்கறேன். இனி ஒரு தடவை பாதியில போனா திரும்பி வராதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான்.

— ஏன் ஓடறானாம்?

— யார் கேட்டாலும் வாயைத் திறக்கல. உங்களுக்குத்தான் தெரியுமே, ஒரு வார்த்தை வெளிய வர்றதுக்குள்ள அவனுக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைச்சிடும்.

— அப்புறம்?

— நேத்து அங்க ஒழுக்கம் பார்க்கற ஆளு, டை கட்டினவன், என்னை உட்கார வெச்சுக் காபி குடுத்தான். "உங்க பையனுக்கு எங்க இடம் ஒத்து வரல. நாங்க நீக்கினா அவன் பேர்ல கறுப்புப் புள்ளி விழும். நீங்களா எடுத்துக்கிட்டதா எழுதிக் குடுத்தா அவனுக்கு நல்லது"ன்னான். சிரிச்சிட்டே சொல்றான் மேடம். காபியை அவன் டையில ஊத்தலாமான்னு இருந்துச்சு.

— ஊத்தினியா?

— கையெழுத்துப் போட்டேன்.

— இந்த மாசம் முதல் புதன்கிழமை அங்க பீட்சா குடுத்தாங்களா?

— குடுத்தாங்க. குலுக்கல்ல சைக்கிள்கூட வெச்சாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அன்னிக்குத்தான் கவர்மெண்ட் கணக்குக்குத் தலை எண்ணுவாங்க. அன்னிக்கு எந்த ஸ்கூல் பெஞ்சுல உட்கார்ந்திருக்கானோ, அந்த ஸ்கூலுக்குத்தான் வருஷத்துப் பணம். அன்னிக்கு ஓடினானா?

— ஓடினான்னு சொன்னான் பக்கத்து வீட்டுப் பையன். ஆனா போன் வரல.

— வராது. இப்ப எண்ணி முடிச்சாச்சு. இனி அவன் அவங்களுக்கு மார்க்கைக் குறைக்கற ஒரு தலை, அவ்வளவுதான். பணத்தை வெச்சுக்கிட்டு பிள்ளையை என்கிட்ட அனுப்பறாங்க.

— சீ. இதெல்லாம் ஒரு பொழப்பா?

— நாங்க மட்டும் யோக்கியமா? நாங்களும்தான் பீட்சா குடுத்தோம். காய்ச்சல்ல படுத்திருந்த பிள்ளையை நானே வீட்டுக்குப் போய், போர்வையைச் சுத்திக் கொண்டாந்து உட்கார வெச்சேன். பெஞ்சுலயே வாந்தி எடுத்தான். பேர் கூப்பிட்டதும் "இருக்கேன்"னு சொல்ல வெச்சுட்டு, அப்புறம்தான் துடைச்சு விட்டேன். என்னை நெனச்சா எனக்கே குமட்டுது டெவோனா.

— விடுங்க மேடம்.

— எப்படி விடறது? சார்ட்டர் வந்தா போட்டி வரும், போட்டி வந்தா ரெண்டு பக்கமும் திருந்தும்னு மேல இருக்கறவங்க சொன்னாங்க. போட்டி வந்துச்சு. பீட்சாவுல.

— பையனைச் சேர்த்துப்பீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க.

— சேர்க்காம தெருவுலயா விடுவேன்? ஏற்கெனவே கிளாஸ் பிதுங்குது, இன்னொரு நாற்காலி எங்கயாவது தேடறேன். நாளைக்குக் கூட்டிட்டு வா.

— ஆனா அவன் வர மாட்டேங்கிறான். அதான் எனக்குப் பிடிபடல. காலையில காரை விட்டு இறங்காம ஒரே ரகளை. அந்த ஸ்கூலுக்கேதான் போகணுமாம். உன்னைத் தினம் வெளிய நிறுத்தற இடத்துல உனக்கு என்னடா வெச்சிருக்குன்னு கேட்டேன். அழறான்.

— அங்க எல்லாம் பளபளன்னு இருக்கும்ல. சின்னப் பிள்ளைதானே.

— மிஸ் கிளேபோர்னைக் கூப்பிடுங்க மேடம், இப்பவே. அவங்களைப் பார்த்தா சமாதானம் ஆயிடுவான். இங்க இருந்தப்போ மேசையில தாளம் தட்டித் தட்டி அவங்கதானே இவனுக்குத் தனியா படிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. அவங்ககிட்ட மட்டும்தான் திக்காம வாசிப்பான். அங்க அந்த மாதிரி ஒரு டீச்சர் வேணும்னு கேட்டேன். இவனுக்குக் குடுக்க ஆள் இல்லன்னுட்டாங்க. சத்தியமா நான் திரும்பி வந்ததே அவங்களுக்காகத்தான்.

— டெவோனா.

— என்ன?

— உன்னை மாதிரி அறுபது வீட்டுக்காரங்க ஜூன்ல போனீங்க. தலை குறைஞ்சா பணம் குறையும். ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்புன்னு மேல இருந்து சொன்னாங்க. கிளாஸ் டீச்சரை அனுப்பினா கிளாஸ் நின்னுடும். தனி கிளாஸ் இல்லாதவ அவ ஒருத்திதான், அவளைத்தான் அனுப்பினேன்.

— அனுப்பிட்டீங்களா? இப்ப எங்க இருக்காங்க?

— உன் பையன் இருந்த ஸ்கூல்லதான். ஆகஸ்ட்லயே எடுத்துக்கிட்டாங்க. திக்கற பிள்ளைங்களுக்கு இல்ல, கொஞ்சம் தள்ளிவிட்டா பரீட்சையில தேறிடுவாங்களே, அந்தப் பிள்ளைங்களுக்கு. மாடியில தனி ரூமாம். மத்த பிள்ளைங்களை அவகிட்ட விட மாட்டாங்களாம்.

— மாடியிலயா?

— ஆமா. ஏன் எழுந்திருக்கறே?

— மாடிப்படிக்குத்தான் மேடம் ஓடியிருக்கான். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்.