விளக்குக்குப் பொறுப்பானவர்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து முப்பது. மூன்று நாள் விடாமல் பெய்த மழை அரை மணி நேரத்துக்கு முன்னர்தான் ஓய்ந்திருந்தது. காற்று இல்லை. நிந்தவூரிலிருந்து மேற்கே வயல்களுக்குள் போகும் கிரவல் மண் வீதியில் ஒரேயொரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஸஹீத், நம் ஸப்ரியின் பெரியும்மா மகன். நடந்ததை அவர் ஸப்ரிக்குச் சொன்னார், ஸப்ரி எனக்குச் சொன்னார். நான் எதையும் சேர்க்கவில்லை. மின்சாரம் வரும்வரை சொல்கிறேன். அந்த மெழுகுவர்த்தியைச் சற்று இப்பால் நகர்த்துங்கள்... போதும்.

அந்த வீதியின் முடிவில் ஸஹீத்தின் விமானம் நின்றது.

"பிளேனா?" என்றார் எதிரில் அமர்ந்திருந்த முகம்மது தம்பி. "கல்முனையில ஓட்டோ நிப்பாட்டவே இடமில்ல. அவரு பிளேன எங்க கொண்டு நிப்பாட்டின?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் கேள்வி சரியானது. இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு கேள்விதான்.

ஸஹீத் சார்ஜாவில் பதினேழு வருடம் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பியவர். ஊர் திரும்பியபோது மனதில் ஒரு திட்டம் இருந்தது. பொத்துவில் பக்கம் அலைச்சறுக்க வரும் வெளிநாட்டார் கொழும்பிலிருந்து ஒரு பகல் முழுவதும் வேனில் குலுங்கி வருகிறார்கள். நான்கு பேர் அமரும் பழைய சிறு விமானம் ஒன்று இருந்தால் அவர்களை ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கலாம். மனைவி முனவ்வறாவின் உடன்பிறந்த காக்கா நளீர் கூட்டாளியாகச் சேர்ந்தார். விமானத்தைத் தேடிப் பிடித்தவரும் நளீர்தான்.

பழைய விமானம் வாங்குவோர் என்ன பார்க்க வேண்டும் என்பது ஸஹீத்துக்குத் தெரியும். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, துரு எங்கே பிடித்திருக்கிறது என்று பார்த்தார். முந்தைய பறப்புகளும் விபத்துகளும் பதிந்த பறப்புக் குறிப்பேட்டைப் பார்க்கவில்லை. பழைய ஏட்டைக் கறையான் அரித்துவிட்டது என்று நளீர் சொல்லி, புதிய பிரதி ஒன்றைக் கொடுத்தார். நம் ஊர்களில் ஆண் மணமுடித்துப் பெண்ணின் வீட்டுக்குப் போய் வாழ்கிறான். அந்த வீட்டுச் சோற்றை உண்டுகொண்டு, அந்தப் பெண்ணின் காக்கா சொன்னதைச் சரிபார்ப்பது எப்படி? ஸஹீத் சரிபார்க்கவில்லை. கையெழுத்திட்டார்.

காரைதீவு விமானி பவிதரன் விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார். இறங்கியவர் சாவியைக் கொடுத்துவிட்டுக் காற்சட்டையின் இடுப்புப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"சீட் பெல்ட் ஈரமா இரிக்கி அண்ணன். மழையே இல்லாத பக்கமிருந்துதான் வாறன்."

அன்று பள்ளிவாசல் லெப்பையை அழைத்துப் பாத்திஹா ஓதினார்கள். புது வள்ளத்துக்கும் வேனுக்கும் செய்வதுபோலப் பாற்சோறும் வாழைப்பழமும் வைத்து, இறக்கையின் கீழே பாய் விரித்து. நன்மை யார் யாருக்குச் சேர வேண்டும் என்று லெப்பை கேட்டபோது, மௌத்தாகிப்போன குடும்பத்தாரின் பெயர்களை நளீர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வாப்பா, பெரியவாப்பா, சாச்சி... கடைசியில் ஒரு பெயர். அபுல் ஹஸன்.

முனவ்வறா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெயரில் அவர்கள் குடும்பத்தில் யாரும் இறந்ததில்லை.

"அது ஆரு மச்சான்?" என்று ஸஹீத் பிறகு கேட்டார்.

"வித்தவர்ர வாப்பா" என்றார் நளீர். "பொருள் வந்த வழிக்கும் ஒரு பாத்திஹா ஓதத்தானே வேணும்."

நல்ல பதில். யாரும் மேலே கேட்கவில்லை.

இனி முகம்மது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நிறுத்துவதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று வடக்கே, வேலியும் காவலும் உள்ள ஒழுங்கான விமானத் திடல். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். மற்றது அந்தக் கிரவல் வீதி முடிவில், ஒரு காலத்தில் பயிருக்கு மருந்து தெளித்த விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை. புல் மூடியது, ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் குத்தகை நளீரின் கையில் இருந்தது. அதனால்தான் விமானம் தற்காலிகமாக அங்கே நின்றது. அதையே நிலையான இடமாக்குவோம் என்றார் ஸஹீத். குத்தகைக்காரரின் கையெழுத்து ஒன்று போதும்.

நளீர் மூன்று வாரம் இழுத்தார். தரை ஈரம் என்றார். எருமைகள் ஏறும் என்றார். வடக்கே கொண்டுபோவோம், நாளைக்கே கொண்டுபோவோம் என்றார். முதற்பறப்பில் முனவ்வறாவை ஏற்றலாம் என்று ஸஹீத் சொன்னபோது மட்டும் உடனே சரியென்று தலையசைத்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஸஹீத் போனது, மழை கொட்டகைக்குள் ஒழுகியிருக்கிறதா என்று பார்க்க. சில நாட்களாக வேறொன்றும் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடிய மணிகளைக் காட்டும் மீட்டர், யாரும் தொடாமலே, ஒவ்வொரு நாளும் தசம் மூன்று கூடியிருந்தது. தசம் மூன்று மணி நேரம். பதினெட்டு நிமிடங்கள்.

பொழுது சாய்ந்தது, வயல்களுக்கு அப்பால் மஃரிபுத் தொழுகைக்கான பாங்கு கேட்டு அடங்கியது. அவர் கொட்டகைக்குப் போய் நின்றார்.

உள்ளே விமானம் இல்லை.

மூன்று சக்கரத் தடங்கள் சேற்றில் புதிதாகப் பதிந்திருந்தன. அவற்றைப் பின்தொடர்ந்து ஓடுபாதையில் நடந்தார். நேராகப் போயின... பாதியில் நின்றுவிட்டன. அதற்கு அப்பால் புல் மடியவில்லை. திரும்பி வந்த தடமும் இல்லை.

அப்போது மேலே சத்தம் கேட்டது. நான்கு சிலிண்டர் எஞ்சின். பதினேழு வருடப் பழக்கம், அவருக்குத் தெரியாததல்ல. மேகத்துக்குள், தாழ்வாக. ஓடுபாதையின் ஒரு முனைக்கு வரும், தயங்கும், மறுபடி சுற்றிப் போகும். எதையோ தேடுவது போல. ஸஹீத் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினெட்டாவது நிமிடம் மேற்கே சதுப்பின் மேல் சத்தம் இருமியது... நின்றது.

தண்ணீரில் எதுவும் விழுந்த ஓசை இல்லை. தவளைகள்கூடக் கத்தவில்லை.

திரும்பினார். கொட்டகைக்குள் விமானம் நின்றது. மேலே தார்ப்பாய், அவர் கையாலேயே முந்தின நாள் போட்ட முடிச்சுகள், ஒன்றும் அவிழவில்லை. எஞ்சின் மூடியைத் தொட்டார். சுட்டது. கதவைத் திறந்தார். சேற்றுத் தண்ணீரின் நாற்றம். விமானியின் ஆசனத்தில் பெல்ட் பூட்டியிருந்தது, ஆளை வைத்து இறுக்கியதுபோல. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது.

கதவின் உட்பையில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. எடுத்தார். பறக்குமுன் சரிபார்க்க வேண்டியவை எழுதிய பழைய அட்டை. தண்ணீரில் ஊறிக் காய்ந்தது. அடியில் பென்சிலால் ஒரு கையெழுத்து: அபுல் ஹஸன். கடைசி எழுத்தின் வால் தூண்டில் முள்போல வளைந்து கீழே இறங்கியிருந்தது.

"நீங்களும் கேட்டிட்டீங்களா தம்பி?"

வெளியே சாமித்தம்பி நின்றார். அந்த வெளியில் எருமை மேய்ப்பவர். கொட்டகைக்கும் அவர்தான் காவல்.

"ஆரு அண்ணன் இந்த அபுல் ஹஸன்?"

"இந்தப் பிளேன்ட பழைய சொந்தக்காரர். பொத்துவில் பக்கம். ஒம்பது வருசத்துக்கு முன்ன இதே மழை நாளையில, இதே மம்மல் இருட்டில திரும்பி வந்தவர். ஓடுபாதை தெரிய பன்னெண்டு டின் விளக்குக் கொளுத்தி வெக்க ஒராள் நிண்டார். மனிசன் மழைய கண்டிட்டு வீட்ட போயித்தார். பிளேன் மேல சுத்தின... சுத்தின... மறுகா சதுப்புக்குள்ள இறங்கிட்டு. பிளேனுக்கு ஒண்டும் இல்ல. பெல்ட்டக் கழட்ட ஏலாம அந்த மனிசன்தான் உள்ளுக்கே தண்ணி குடிச்சிச் செத்த. நான் வாய்க்காலுக்கு அங்கால நிண்டன். கையில ஒரு நெருப்புப்பெட்டி இருந்திருந்தா..."

"விளக்குக்கு நிண்டவர் ஆரு?"

சாமித்தம்பி எருமைகளைப் பார்த்தார்.

"உங்கட மச்சான்தான். அவருக்கிட்டயே கேளுங்க."

கொட்டகையின் மூலையில் துருப்பிடித்த டின்கள் அடுக்கியிருந்தன. ஸஹீத் எண்ணினார். பன்னிரண்டு.

மறுநாள் காலை நளீர் வழமைபோலத் தேநீர் குடிக்கத் தங்கையின் வீட்டுக்கு வந்தார். ஸஹீத் அந்த அட்டையை மேசையில் வைத்தார். நளீர் அதை ஒருமுறை பார்த்தார். மறுக்கவில்லை.

"மழை பெய்ஞ்சிச்சு. வரமாட்டான் எண்டு நெனச்சன்."

"சத்தம் கேக்கல்லயா?"

"ரோட்டுக்கு ஏறக்குள்ள கேட்டிச்சு." கோப்பையைத் திருப்பி வைத்தார். "கிறுகித் திரும்பிப் போகல்ல."

"விசாரணையில என்ன சொன்னீங்க?"

"பன்னெண்டு விளக்கும் எரிஞ்சிச்சு எண்டு சைன் வெச்சன்."

ஆகவே விசாரணை அறிக்கையில் குற்றம் இறந்தவருடையதாயிற்று. விளக்குகள் எரிந்தன, விமானி கவனிக்கவில்லை.

"அந்தப் பிளேனத்தானா மச்சான் எனக்கு எடுத்துத் தந்தீங்க?"

"ஒம்பது வருசமா மழை நாளையில அது என்ட கூரைக்கு மேலதான் வந்து சுத்தின. வேற ஆள்ர பேருக்கு அது மாறினா என்னைய உட்டிரும் எண்டு நெனச்சன்."

அதுவரை கதவடியில் நின்ற முனவ்வறா அப்போதுதான் பேசினார்.

"என்னையும் அதுக்குள்ள ஏத்தப் பாத்தீங்களே காக்கா. ஒரே உம்மாட வயித்துப் புள்ள நான்."

நளீர் கோப்பையைப் பார்த்தார். "தேத்தண்ணி ஆறிட்டு" என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கலாம். கேட்கவில்லை. அன்றே ஸஹீத் முடிவெடுத்தார். விமானம் வடக்கே போகாது. இறங்க இடம் தேடிச் சுற்றுகிறவன் இறங்க வேண்டிய இடம் இதுதான். ஒரு தாளில் எழுதினார். விமானத்தின் நிலையான இடம், நிந்தவூர் மேற்கு ஓடுபாதை. நாள்தோறும் மஃரிபுக்கு முன் பன்னிரண்டு விளக்குகளையும் ஏற்றப் பொறுப்பானவர், நளீர். அடியில் மூன்று கோடுகள்: இரு கூட்டாளிகளுக்கும் ஒரு சாட்சிக்கும்.

ஸஹீத் முதலில் கையெழுத்திட்டார். மூத்த மச்சானிடம் ஒரு கையெழுத்தும் இல்லாத தாளை நீட்டி நீங்கள் முதலில் வையுங்கள் என்று சொல்வது மரியாதையல்ல. இத்தனைக்குப் பிறகும் அவர் மரியாதை பார்த்தார். அதைத்தான் ஸப்ரியால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

"வாசிச்சிட்டு வெச்சித் தாறன்" என்று நளீர் தாளை மடித்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை, பதினேழாம் திகதி, மாலை ஐந்து நாற்பது. தூறல். ஸஹீத்தும் சாமித்தம்பியும் டின்களைத் துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, ஓடுபாதையின் இரு ஓரமும் ஆறாறாக வைத்து முடித்திருந்தார்கள். கொளுத்த வேண்டியவர் வரவேண்டும்.

ஓட்டோ ஒன்று வந்தது. எஞ்சினை அணைக்கவில்லை. பின்னிருக்கையிலிருந்து நளீர் ஒரு பொலித்தீன் உறையை நீட்டினார். காலைக் கீழே வைக்கவில்லை.

"எல்லாம் சரி. சைன் வெச்சிட்டன்."

"சாட்சிக்கு ஆரப் புடிச்சீங்க?"

"ஆரையும் புடிக்கல்ல. அது வெறுமையாத்தான் இரிக்கி. நீங்க பாத்து ஒராளப் போட்டுக்கங்க."

ஸஹீத் கையை நீட்டி வாங்கினார். வாங்கிய கையோடு ஓட்டோ திரும்பிவிட்டது.

கைபேசி வெளிச்சத்தில் தாளை விரித்தார். முதல் வரி அவர் எழுதியபடியே இருந்தது. இரண்டாம் வரியில் நளீர் என்ற பெயர், நீல மையால், அளவுகோல் வைத்ததுபோல ஒரு கோட்டால் வெட்டப்பட்டிருந்தது. மேலே அதே மையில் எழுதியிருந்தது: ஸஹீத். அடியில் ஸஹீத் முன்பே இட்ட கையெழுத்து. அருகில் நளீரின் கையெழுத்து.

மேற்கே, சதுப்பின் பக்கம், எஞ்சின் ஒன்று இருமிப் பிடித்தது. சாமித்தம்பி நெருப்புப்பெட்டியை உரசினார். குச்சி நமத்திருந்தது. இன்னொன்று... அதுவும்.

ஸஹீத் வெளிச்சத்தைக் கீழே நகர்த்தினார். சாட்சிக்கான கோடு வெறுமையாக இல்லை. பென்சில் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் தூண்டில் முள்போலக் கீழே இறங்கியிருந்தது.

உறை காய்ந்திருந்தது. தாளும் காய்ந்திருந்தது. அந்தக் கையெழுத்து மட்டும் நனைந்திருந்தது.