முறியாமல் ஏழு நிமிஷம்

உட்காரும் ராசையா. துறைமுகத்திலிருந்து இந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறீர். பானையில் வெட்டிவேர் போட்ட தண்ணீர் இருக்கிறது, முதலில் அதைக் குடியும். ஜெயவேலை நாலு மணிக்கு மேல்தான் எடுப்பார்களாம். நேரம் இருக்கிறது.

உம்முடைய தங்கை மலர்க்கொடி கேட்டனுப்பியது நியாயமான கேள்வி. ஐந்து வருஷம் புருஷன் முகத்தில் விழிக்காதவள், கடைசியாக ஒரு தடவை வந்து பார்ப்பதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள். 'அந்தச் சீட்டு அவரு கைக்குப் போனப்போ மணி இன்னா?' அவ்வளவுதானே? பதில் ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் சொன்னால் நீர் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர். உமக்குத் தெரிந்ததையும் சேர்த்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வேதமாணிக்கத்துக்கு இரும்புக் கடை என்று ராயபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். சங்கீதப் பைத்தியம் என்பது ஜெயவேல் ஒருவனுக்குத்தான் தெரியும். வாலிபத்தில் நானும் கிளாரினெட் ஊதிப் பார்த்தேன். இழுப்பு நோய்க்காரன், நாலு சுரம் ஊதுவதற்குள் கண் இருட்டிவிடும். அதை விட்டுக் கிராமபோன் வாங்கினேன். முப்பத்தொன்றாம் வருஷம் கப்பலில் ஒரு பெட்டித் தட்டுகள் வந்தன. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரியாக்காரர் ஒருவர் கிளாரினெட்டுக்கென்றே எழுதின கான்செர்டோ. ஒருவன் ஊத, மற்ற வாத்தியமெல்லாம் அவனுக்குத் துணை போகும். மூன்று பகுதி. நடுப்பகுதி மெதுவானது, ஏழு நிமிஷம்.

அழுது ஓய்ந்த ஒருவர் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதது போல நம்மிடம் பேச ஆரம்பிப்பாரே, அப்படி இருக்கும் அது. ஆனால் தட்டின் ஒரு பக்கம் நாலு நிமிஷத்துக்கு மேல் கொள்ளாது. மேலே ஏறின சுரம் இறங்கி வருவதற்குள் கர்ரென்று ஊசி விளிம்புக்கு ஓடிவிடும். எழுந்து, தட்டைத் திருப்பி, சாவி கொடுத்து, ஊசியை வைப்பதற்குள் எல்லாம் போய்விடும். ஒன்றரை வருஷம் தினமும் கேட்டேன். ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை.

ஜெயவேல் அப்போது பேண்டுக் கோஷ்டியில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதிக்கொண்டிருந்தான். பட்டாளத்து பேண்டில் நோட்டு வாசிக்கப் படித்தவன். ஆணி வாங்க வந்தவன், உள்ளே தட்டு ஓடுவதைக் கேட்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டான். "அண்ணாத்தே, இத்த மன்சன்தான் ஊதுறானா?" என்றான். சீமையிலிருந்து அதன் சுரமெல்லாம் எழுதின நோட்டுப் புத்தகம் வரவழைத்துக் கொடுத்தேன். எட்டு மாதம் என் கடை மாடியில் சாதகம் செய்தான். மகள் வேம்புவையும் தோளில் தூக்கி வருவான். நாலு வயதுப் பெண். அவன் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவளும் கன்னத்தை உப்பிக்கொள்வாள். எனக்கு அவளைப் பிடிக்கும். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

கச்சேரி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆறு மணிக்கு, பள்ளிக்கூட ஹாலில். மூன்று வயலின், பியானோவில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள். முன்வரிசையில் வெள்ளைக்கார பேண்டு மாஸ்டர் ஒருவர். வாசிப்பு பிடித்தால் தன் கோஷ்டியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். காலையிலேயே ஜெயவேல் வந்தான். "கொயந்திக்கு ஒடம்பு காயுது, பேஜாரா கீது அண்ணாத்தே, இன்னிக்கி வாணாமே" என்றான். "சளிதான், நீ வா" என்று அனுப்பினேன்.

நீர் வந்தபோது முதல் பகுதி முடிந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஹால் கடிகாரத்தில் ஆறு இருபத்தைந்து. உடம்பெல்லாம் கரித்தூளோடு கதவடியில் நின்றீர். "சார், தொண்டை அடைப்பானாம். மூச்சு வுட முடியாம தவிக்குது. தொண்டைல ஓட்ட போட்டு கொயா வெக்கணுமாம். தகப்பன் கையெயுத்து வோணுமாம். சீக்கிரம் இட்டாங்க சார்" என்று ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினீர். இந்தக் கோலத்தில் உம்மை உள்ளே விடமாட்டார்கள், நான் சொல்கிறேன், ஜட்காவில் இரும் என்றேன். நீர் நம்பினீர். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே திரும்பினேன்.

மேடையில் ஜெயவேல் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, எப்படி என்பது போலப் புருவத்தைத் தூக்கினான். நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தேன்.

பாதியில் கூப்பிட்டால் கை நடுங்கும், கையெழுத்துக்கூட வராது. டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் அவசரம் என்றுதான் எழுதுவார்கள். பேண்டு மாஸ்டர் இன்னொரு தடவை வரமாட்டார். இவையெல்லாம் பிற்பாடு நான் சேர்த்துக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் நினைத்தது ஒன்றுதான்: இன்றைக்குத் தட்டைத் திருப்ப வேண்டியதில்லை.

அவன் வாசித்தான். அந்தச் சுரம் ஏறியது, நின்றது, தானாகவே இறங்கியும் வந்தது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி இருந்ததில்லை.

மூன்றாம் பகுதி துள்ளலாக இருக்கும். எனக்கு அதில் அவ்வளவு பிரியமில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீர் இரண்டு தடவை கதவைத் தட்டினீர். வந்துகொண்டிருக்கிறான் என்றேன்.

சீட்டை அவன் கையில் கொடுத்தபோது ஆறு ஐம்பத்திரண்டு. "எப்போ வந்துச்சு அண்ணாத்தே?" என்றான். இப்போதுதான் என்றேன். கிளாரினெட்டைக் கையில் பிடித்தபடியே ஓடினான். மற்றது உமக்குத் தெரியும். பத்து நிமிஷம் முந்தி வந்திருந்தால் குழாய் வைத்திருப்பேன் என்று டாக்டர் சொன்னாராம்.

மறுவாரம் புருஷனும் பெண்சாதியும் இதே இடத்தில் வந்து நின்றார்கள். "ஆறரைக்கு முன்னாடியே அண்ணன் சீட்டு குட்த்துச்சு. ஊதி முட்ச்சுட்டுத்தான வந்தே?" என்று அவள் கேட்டாள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கடிகாரம் பார்க்கவில்லை என்றேன். நான் பொய் சொல்லுவேன் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அவள் அன்றைக்கே உம்முடைய வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் கிளாரினெட்டை மேஜைமேல் வைத்தான். "நீயே வெச்சுக்கோ அண்ணாத்தே. மூச்செல்லாம் இதுல ஊதிட்டேன். அவளுக்கு இல்லாம பூடுச்சு" என்றான்.

பிறகு எண்ணூர் உப்பளத்தில் மூட்டை தூக்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து உட்காருவான். அவனுக்கு வேறு யார் இருந்தார்கள்? நானும் ஒரு நாளும் அவனுக்கு வாசலை அடைத்ததில்லை. காபி கொடுப்பேன்.

ஆகவே மலர்க்கொடியிடம் சொல்லும். சீட்டு எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் கைக்குப் போனது. அவன்மேல் குற்றமில்லை. அவள் வரலாம்.

கையை எடும் ராசையா. சட்டையைப் பிறகு பிடிக்கலாம். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை அவளிடம் சொல்வதும் விடுவதும் உம்முடைய இஷ்டம்.

மூன்றாம் பகுதி முடிந்தபோது ஆறு நாற்பத்திரண்டுதான். ஜெயவேல் கும்பிட்டுவிட்டு வாத்தியத்தை உறையில் வைக்கப் போனான். அப்போதே புறப்பட்டிருந்தால் நேரம் இருந்தது. கைதட்டலுக்கு நடுவே பின்னாலிருந்து யாரோ, "ஒன்ஸ்மோர், நடுப்பகுதி" என்று கூப்பிட்டார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே திரும்ப எடுத்தான். வெளியே நின்ற உமக்கு, ஒரே பாட்டு இரண்டாம் தடவை போகிறது என்று தெரிந்திருக்காது.

அந்தப் புண்ணியவான் யார் என்று ஜெயவேல் என்னிடம் பல ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறான். பின்வரிசை நாற்காலிகள் அன்று காலி. கதவருகே நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன், சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.