பின்னால் எரியும் விளக்கு

மேலே எழுதியுள்ள பெயரும் வயதும் முகவரியும் என்னுடையவைதான். நான் செருப்புக் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு வருடம் படித்ததால், எதுவரை படித்தாய் என்று கேட்டால் பதினொன்று என்று சொல்லிக்கொள்வது என் வழக்கம். அதிகாரி பத்து என்றே எழுதச் சொன்னார். மனைவி காலமாகிவிட்டாள். வீட்டில் நான், என் மகள், மூன்று வயதுப் பேத்தி ஆகிய மூவரும் இருக்கிறோம். மருமகன் விலகிப் போய்விட்டார், எங்கே இருக்கிறார் என்று தெரியாது. மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இந்த வழக்கில் கைதாகியிருப்பவள் அவள்தான். காரில் படம் பார்த்துக்கொண்டே ஓட்டி, எங்கள் தெருவில் குடியிருந்த தையல்காரர்மேல் மோதி, அவர் சாவுக்குக் காரணமானாள் என்பது அவள்மேல் உள்ள குற்றச்சாட்டு. அவள் படம் பார்க்கவில்லை. அதைச் சொல்வதற்காக நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

எங்கள் கார் பழையது, சின்னது. பேத்தி அதில் ஏறியதும் அழ ஆரம்பித்தால் இறங்கும்வரை அழுவாள். போனில் பொம்மைப் படம் போட்டுக் கொடுத்தால் அடங்குவாள். பிறகு போனைக் கீழே போட்டுவிட்டு, எடுத்துக் கொடு என்று மறுபடி அழுவாள். கீழே போட முடியாதபடி முன்னால் ஒரு ஸ்கிரீன் இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. அதன் பிறகு பின்பக்கம் காட்டும் கேமராவோடு சேர்த்து ஒரு ஸ்கிரீன் வரவழைத்தேன். கடையில் கொடுத்து மாட்டியிருக்கலாம். ஆனால் வீடியோ ஒன்றில் ஒருவர் பேச்சுவாக்கில் மாட்டி முடித்துவிட்டார், அவரால் முடிந்தது நம்மால் முடியாதா என்று நினைத்தேன். செருப்பு மாட்டிவிடுவது என் தொழில். ஸ்கிரீன் மாட்டியது என் கொழுப்பு.

ரேடியோ இருந்த ஓட்டையைவிட ஸ்கிரீன் பெரியதாக இருந்தது. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டக்கூடாது என்று கடையில் தினமும் சொல்கிறவன் நான், வீட்டில் கத்தியைச் சூடேற்றி டேஷ்போர்டை அறுத்தேன். அதன் பிறகு சுற்றிலும் இடைவெளி தெரிந்ததால், கடையில் மிஞ்சிய ரப்பர் சோல் ஷீட்டில் ஒரு சட்டம் வெட்டி வைத்துப் பார்த்தேன். காரை யாரோ செருப்பால் அடித்தது போல் இருந்தது. அதனால் அந்தச் சட்டத்தை, எங்கள் கடைக்கு அடுத்த கடையில் மெஷின் போட்டிருந்த தையல்காரரிடம் கொண்டுபோனேன். "ஏம்பா செருப்பு, காருக்கும் சட்டை தைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, கறுப்பு ரெக்சினில் உறை தைத்து, மூலைகளில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். இப்போது இறந்திருப்பவர் அவர்தான்.

அதன் பிறகு வயர்களை இணைத்தேன். அதில் ஒரு வயரை ஹேண்ட் பிரேக்கில் இணைக்கவேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டு வண்டி நின்றால்தான் படம் வரும் என்று கூடவந்த தாளில் எழுதியிருந்தது. வண்டி நிற்கும்போது படம் எதற்கு, ஓடும்போதுதானே குழந்தை அழுகிறது என்று, அந்த வயரை வண்டியின் இரும்பிலேயே திருகிவிட்டேன். அப்படிச் செய்தால் வண்டி எந்நேரமும் நின்றுகொண்டிருக்கிறது என்று அந்தப் பெட்டி நம்பிக்கொள்ளும். இதை வேண்டுமென்றே செய்தேன்.

பின்பக்கக் கேமராவை ஸ்கிரீனில் வரவைக்கும் இன்னொரு வயர் மஞ்சள் நிறத்தில் இருந்தது, அதை எதில் கொடுப்பது என்று தெரியாமல், கார் சாமான் கடைக்காரருக்குப் போன் செய்தேன். பின்னாடி போறப்ப எரியிற லைட்டில் கொடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். போன் விட்டுவிட்டுக் கேட்டதால், பின்னாடி எரியிற லைட்டு என்றுதான் என் காதில் விழுந்தது. நடுவில் ஒரு சொல் போனது எனக்குத் தெரியாது. அதன் பிறகு மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, பெடலை மிதிக்கச் சொல்லி, பின்னால் போய் நின்று பார்த்தேன். ஒரு விளக்கு எரிந்தது. அது பிரேக் விளக்கு. அதில் கொடுத்துவிட்டேன். மகள் மறுபடி மிதித்தபோது பொம்மைப் படம் மறைந்து வண்டியின் பின்பக்கம் ஸ்கிரீனில் வந்தது, நானும் கேமராவில் தெரிந்தேன், பேத்தி கை தட்டினாள். சரியாகத்தான் இருக்கிறது என்று எல்லாரும் நம்பினோம். ரிவர்ஸ் எடுக்கும்போதும் பிரேக்கில் கால் இருப்பதால் அப்போதும் தப்பு தெரியவில்லை.

ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் மகள் சொன்னாள். "அப்பா, பிரேக் புடிச்சாலே படம் போயி பின்னாடி தெரியுதுப்பா." நான், "நல்லதுதானே, எவன் வந்து இடிக்கப்போறான்னு முன்னாடியே பாத்துக்கலாம்" என்றேன். அவள் சிரித்தாள். இதையே கடையில் நாலு பேரிடம் சொல்லி அவர்களையும் சிரிக்கவைத்தேன். லீவு கிடைக்கும்போது மாற்றித் தருகிறேன் என்று மகளிடம் சொன்னேன். பள்ளி திறக்கும் சமயம், கடையில் கூட்டம், லீவு கிடைக்கவில்லை என்பது உண்மை. கிடைத்த நேரத்தில் நான் தூங்கினேன் என்பதும் உண்மை.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம், அதிகாரி இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பிரேக் மிதித்தால் படம் போகும், படம் போனால் பேத்தி வீறிடுவாள், காலை எடுத்தால் படம் வரும், அவள் அடங்குவாள். இதனால் என் மகளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், தொட்டுத் தொட்டு எடுப்பாள். அவளாக யோசித்துச் செய்தது அல்ல, கால் தானாகக் கற்றுக்கொண்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நல்ல நிதானமான ஓட்டு என்று பாராட்டியும் இருக்கிறேன்.

சம்பவத்தன்று சாயங்காலம் மகள் ஓட்டினாள், நான் பக்கத்தில் இருந்தேன், பேத்தி பின்னால் இருந்தாள். எங்கள் தெரு முனையில் தையல்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தார். மகள் அவரைப் பார்த்தாள். என் மகளின் கண் ரோட்டில்தான் இருந்தது, அவரைப் பார்த்து, "நம்ம டெய்லருப்பா" என்று சொல்லிக்கொண்டேதான் பிரேக்கை மிதித்தாள். படம் மறைந்தது. பேத்தி வீறிட்டாள். மகளின் கால் மேலே எழும்பியது. மறுபடி மிதிப்பதற்குள் மோதிவிட்டது.

அதன் பிறகு கூட்டம் கூடி அவரைத் தூக்கினார்கள். மகள் ரோட்டில் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் தூக்கப் போகவில்லை. டிக்கியைத் திறந்து, பின்விளக்கில் கொடுத்திருந்த மஞ்சள் வயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வயர் இல்லாவிட்டால் தப்பும் இல்லை, மகளைக் காப்பாற்றிவிடலாம் என்று அந்த நேரத்தில் என் பதினொன்றாம் வகுப்பு மூளைக்குப் பட்டது. தையல்காரர் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

வண்டியைச் சோதித்த ஆய்வாளர், பிரேக் நன்றாக இருக்கிறது, வண்டி ஓடும்போது ஸ்கிரீனில் படம் வருகிறது, பிரேக் மிதித்தாலும் படம் நிற்கவில்லை, எனவே ஓட்டியவர் படம் பார்த்திருக்கிறார் என்று எழுதிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. அவர் பார்த்தது நான் பிடுங்கிய பிறகு இருந்த வண்டி. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே பழுதை நானே சரிசெய்துவிட்டேன். இந்த ஒன்றைத்தான் என் வாழ்நாளில் தப்பில்லாமல் ரிப்பேர் செய்திருக்கிறேன்.

இன்று அந்த வயரைக் கொண்டுவந்து அதிகாரியின் மேஜைமேல் வைத்தேன். "இந்த மாதிரி வயரு எந்தக் கடையிலயும் கிடைக்கும் பெரியவரே" என்றார். அது சரிதான்.

படம் பார்த்தேன் என்று என் மகளே எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பதை அதிகாரி எனக்குக் காட்டினார். அவள் ஏன் அப்படி எழுதினாள் என்பது எனக்குத் தெரியும். நேற்று அவளைப் பார்க்க அனுமதித்தபோது, வயரை நான்தான் பிடுங்கினேன், போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க வாயத் தொறக்காதீங்கப்பா. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா பாப்பாவ யாரு பாத்துக்குவா? நீங்க ஒரு ஆளாவது வெளிய இருங்க" என்றாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதன் பிறகு இரவு பேத்தி, அம்மா படம் பார்த்தாளா என்று கேட்டாள். யாரோ அவள் காதுபட அப்படிப் பேசியிருக்கிறார்கள். அதனால் வந்தேன்.

ஸ்கிரீனை அப்படி மாட்டியதற்கும் தடயத்தை அழித்ததற்கும் என்மேலும் வழக்கு வரும் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். இதனால் மகள் விடுதலையாவாள் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். இரண்டும் எனக்குப் புரிந்தது. பேத்தி இப்போது வெளியே பெஞ்சில் ஒரு பெண் காவலரோடு இருக்கிறாள். அவளை யாரிடம் விடுவீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு, தெரியாது என்றேன். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்தேன். தெரியாது என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இப்படிச் சொல் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை; சொல்லாதே என்றுதான் சொன்னார்கள். எல்லாம் உண்மை.

(கையொப்பம்)