ஏரியலின் மறுபக்கம்

“பேட்டரியில ஓடுற ரேடியோவுக்கு வீட்டு மெயினை எதுக்குங்க அணைக்கணும்?” என்று மாடிவீட்டு நர்ஸ் குறுக்கே கேட்டாள்.

“அதைத்தான் அந்தப் பொண்ணும் கேட்டுச்சு. தினம் கேட்டுச்சு,” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

மின்சாரம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. இவரால் ஓட்ட முடியாத லிஃப்ட் எங்கோ நடுமாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. குடியிருப்புக்காரர்கள் படிக்கட்டில், ஒருவர் முழங்கால் இன்னொருவர் முதுகில் இடிக்க, ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு மெழுகுவர்த்தி. மெக்கானிக் சொல்லிக்கொண்டிருந்தது அவருடைய நண்பனின் அக்காவுக்கு நேர்ந்தது.

ராத்திரி பதினொன்றைத் தாண்டிய நேரம். ஊர் முடிந்து, விளக்குக் கம்பங்களும் முடிந்து, அதற்கப்புறமும் போகிற சாலை. அதன் ஓரத்தில் ஒற்றை வீடு. பின்னால் வெறும் பொட்டல்…

அக்கம்பக்கம் இல்லை என்பதற்காகவே அந்த வீட்டை அவள் கணவர் தேடிப் பிடித்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சொந்தக்காரர்கள் வைத்த பெயர் ‘காது’. மற்றவர்களுக்கு உடம்பில் காது, இவருக்குக் காதில் உடம்பு என்பார்கள். பாட்டும் செய்தியும் அவருக்கு வேண்டாம். முள் இடது கோடிக்குப் போகும் தாழ்ந்த அலைவரிசையில், எங்கோ ஒரு கடற்கரைக் கோபுரம் கப்பல்களுக்காக இரவெல்லாம் அனுப்பும் ‘டிட்… டா… டிட்…’ என்ற மெல்லிய ஒலி. அதைக் கேட்டால் போதும். அதற்காக மரச்சட்டத்தில் கம்பி சுற்றி, ஒரு சிறுபிள்ளை உயரத்துக்கு ஏரியல் செய்து மேசையில் நிறுத்தியிருந்தார்.

ஆனால் வீடு குறுக்கே பேசியது. டியூப்லைட்டின் சோக் ரீங்காரமிட்டது. சார்ஜர் கீச்சிட்டது. ஃபிரிட்ஜ் உறுமியது. ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசியில் அவளுடைய தையல் மெஷின் மோட்டார். கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துத் தருபவள் அவள். பகலில் வீட்டு வேலை, இரவில்தான் தையல். அதற்கும் ஒரு இரவு முற்றுப்புள்ளி விழுந்தது. மெயினையே இறக்கிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் இருட்டு. கடைக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அவள் மேசைக்கு எதிரே நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். எழுந்து நடந்தால்கூட அவருக்குக் கோபம் வந்தது.

எல்லாம் அணைந்த பிறகும் ஒரு சத்தம் மிஞ்சியது.

ழ்ர்ர்ர்… நிற்கும். ழ்ர்ர்ர்… ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டு யாரோ மூச்சு விடுவதுபோல.

அந்த ஏரியலுக்கு ஒரு குணம் உண்டு. அதன் தட்டையான முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கத்துச் சத்தம் அடங்கிவிடும். அடங்கும் திசையில்தான் சத்தம் கிளப்புகிற ஆள் இருக்கிறான் என்று கண்டுபிடிக்கலாம். அவர் இம்மி இம்மியாகத் திருப்பினார். சத்தம் தேய்ந்தது… தேய்ந்து அடங்கிய இடத்தில் ஏரியலின் முகம் நேராக அவளைப் பார்த்தது.

“என்ன வச்சிருக்கே மடியில?” என்றார்.

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். போனை அணைத்து, சாலைக்கு அப்பால் ஒரு கல்லின் கீழ் வைத்துவிட்டு வந்தாள். வளையல், தோடு, கொண்டை ஊசி வரைக்கும் எல்லாம் போயிற்று. மறுநாளும் ஏரியல் அவளைத்தான் பார்த்தது. அதற்கு மறுநாளும்.

“நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்தே எனக்கு இரைச்சல்தான்,” என்றார் அவர். குரலை உயர்த்தக்கூட இல்லை. ரேடியோவில் எதையோ அளந்து சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று ராத்திரி அவள் பையைக் கட்டினாள். தம்பி வீட்டுக்குப் போவது, திரும்பி வருவதில்லை என்று முடிவு. இருட்டில் நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே வாசற்கதவு வரைக்கும் போனாள். மெயின் பெட்டி கதவோரம்தான் இருந்தது.

அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. சத்தம் ஏறவில்லை.

அவள்தான் இரைச்சல் என்றால், அவள் இடம் மாறியதும் அது உரக்கக் கேட்டிருக்க வேண்டும். அதே அடங்கிய மூச்சுதான். ஏரியல் இன்னும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கல்யாணமான புதிதில், சிரிக்கத் தெரிந்த மனுஷனாக இருந்தபோது, அவரே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். இந்த ஏரியலுக்கு முன் பின் தெரியாது. இரண்டு முகமும் ஒன்றுதான். எதிரே இருப்பதற்கு அடங்குவது போலவே நேர் பின்னால் இருப்பதற்கும் அடங்கும்.

“நாற்காலியில நான் இல்லைங்க,” என்று சொல்ல வாயெடுத்தாள். ஏரியலின் மறுமுகத்துக்கு எதிரே அவர் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவருக்கும் அவருக்கும் நடுவில்… ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம்.

நனைந்த கம்பளியைப் பெட்டியில் பூட்டி வைத்துத் திறந்த வாசனை வந்தது.

ழ்ர்ர்ர்… நின்றது. அவள் காத்திருந்தாள். மறுபடி வரவில்லை. முழு அமைதி. அந்த அமைதிக்குள், சுத்தமாக, துல்லியமாக, இத்தனை மாதமும் அவர் தவம் கிடந்த ஒலி.

டிட்… டா… டிட்…

மேசைப் பக்கமிருந்து அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. ஒரு கையில் பை, மறு கை மெயின் பிடியில். அவள் அசையவில்லை. மேலே தள்ளினால் வெளிச்சம் வரும். வெளிச்சம் வந்தால் தெரிந்துவிடும்.

அவர் பேசினார். அவள் மறந்தே போயிருந்த, அந்தப் பழைய, கனிந்த குரல்.

“போயிடுச்சும்மா… கேட்டியா, எவ்வளவு சுத்தமா வருது. உன்னை நான் ரொம்பப் பேசிட்டேன். தோள்லேர்ந்து கையை எடுத்துடாதே… கொஞ்ச நேரம் அப்படியே வச்சிரு.”