மற்றப் பேர்

பொறுங்கோ தவராசா அண்ணை, அர்ச்சனை ரிக்கற்றிலை மகள் தயாளினியின்ரை பேரை மட்டும் எழுதுங்கோ. ஓம், மகம் நட்சத்திரம். மற்றப் பேரை எழுதாதேங்கோ. சொல்லுறன், பொறுங்கோவன். பின்னாலை ஒருத்தரும் நிக்கேல்லைத்தானே. ஷிப்ட் முடிச்சு ரெண்டு பஸ் மாறி இந்த லூயிஷாம் கோயிலுக்கு வாறன், காலெல்லாம் ஒரே உளைவு.

நான் கிளீனிங் செய்யிற மியூசியத்துக்கு அவுஸ்திரேலியாவிலை இருந்து ஒரு மனுசி வந்தவ. வெள்ளைக்காரி இல்லை அண்ணை, அந்த நாட்டின்ரை பூர்வீக சனம். நல்ல வயசாளி. கூட வந்தவை எல்லாரும் அன்ரி அன்ரி எண்டுதான் கூப்பிடினம், எங்கடை ஆக்கள் மாதிரி.

மொப்போடை நிண்ட என்னட்டை வந்து, உன்ரை நாடு எது எண்டு கேட்டா. நான் பயந்துபோய் விசாக் காட்டை எடுத்து நீட்டிப்போட்டன். சிரியாதேங்கோ! எட்டாம் வகுப்போடை நிண்டவளுக்கு என்ன விளங்கும்? அவ கேட்டது மண்ணையாம். என்ன தண்ணி, என்ன மரம், ஆரின்ரை ஆக்கள் எண்டு. நாங்கள் ஊரிலை எவடம் எண்டு கேக்கிறேல்லையே? அதுதான். முரசுமோட்டை எண்டன். வாய்க்கால், மருதமரம் எல்லாம் கேட்டுக் கேட்டு அறிஞ்சா. இஞ்சை இத்தினை வருசத்திலை ஒருத்தரும் கேக்கேல்லை.

வந்தது எலும்பு எடுக்க. அவையின்ரை பாட்டன் ஒருத்தரை அந்தக் காலத்திலை ஆரோ தோண்டிக் கொண்டுவந்து, கீழை ஸ்ரோரிலை பெட்டிக்கை வைச்சிருந்தவையாம். அந்த வாசலை நானெல்லே துடைக்கிறனான், உள்ளை கிடந்தது எனக்குத் தெரியாதே. முத்தத்திலை இலை கொளுத்திச் சாம்பிராணி மாதிரிப் புகை போட்டினம். பிறகு அன்ரி பெட்டிக்குப் பக்கத்திலை இருந்து தங்கடை பாஷையிலை கதைச்சா. என்ன சொன்னனீங்கள் எண்டு கேட்டன். வழியாம். எந்த ஆறு வரும், பிறகு எந்த மலை, எவடத்திலை திரும்பவேணும் எண்டு. தன்ரை தாய்மனுசி நடத்திக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டின வழியாம்.

பேரை மட்டும் சொல்லேல்லை. செத்தவையின்ரை பேரைத் தங்கடை சனம் சொல்லாதாம். கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அந்தச் சீவன் தன்ரை மண்ணுக்குப் போகேலாமல் நிண்டிடுமாம்.

அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை அண்ணை. ஒவ்வொரு வெள்ளியும் வந்து கூப்பிடுறது நான்தானே.

கடைசிச் சண்டை நேரம் மாத்தளனிலை தண்ணி எடுக்கப் போன என்ரை பொடியன். கொண்டுபோன தண்ணிக் கான் மட்டும் கிடந்தது. எங்கையாவது உயிரோடை இருப்பான் எண்டுதானே இவ்வளவு காலமும் அர்ச்சனை.

இல்லை, அழேல்லை. வெளியிலை குளிர்காத்து, கண் எரியுது.

அவனுக்கு வழியைப் பஸ்ஸிலை வரேக்கை சொல்லிப்போட்டன். புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம், பிறகு எங்கடை வாய்க்கால். அந்த றோட்டாலைதானே ஓடி வந்தனாங்கள். அதாலையே திரும்பிப் போகட்டும்.

ஒரு மோட்ச விளக்கு எழுதுங்கோ.

பேரோ? என்ரை வாயாலை இனிச் சொல்லமாட்டன். கிழமைக்குக் கிழமை எழுதின கைதானே, நீங்களே எழுதுங்கோ. ஐயரையும் கொஞ்சம் சத்தமில்லாமல் மெதுவாச் சொல்லச் சொல்லுங்கோ.