மாத்தாத தண்ணி

சாம்சன்: இன்னிக்கும் மஞ்சதானே பிரிசி?

பிரிஸ்கில்லா: மஞ்சதான்யா. எழுந்ததும் மீனு. கட்டினவ சாப்ட்டாளான்னு ஒரு நாளாச்சும் கேட்டுக்கிறியா?

சாம்சன்: உன்ன வாங்கிக்கினு போவ கொளத்தூர்ல இருந்து யாரு வரா? மீன வாங்கத்தான் கடைக்காரரு வராரு.

பிரிஸ்கில்லா: ஆமா... என்ன இலவசமா குடுத்தாலும் தூக்கிக்கினு போவ மாட்டாங்க.

சாம்சன்: மஞ்சன்னா தண்ணியில அமோனியா வெசம் இல்ல, பச்சன்னாதான் கீது. அது போதும். எங்க, அந்த டெஸ்ட் டியூபு?

பிரிஸ்கில்லா: கொட்டிட்டேன்... கலரு பாத்தாச்சு, அப்புறம் இன்னாத்துக்கு?

சாம்சன்: சரி, சரி. கோமாளி மீனு ரெண்டும் தரையோட கெடக்குது. தூங்குதுபோல...

பிரிஸ்கில்லா: ம்...

சாம்சன்: கடைக்காரரு உத்திரமேரூர் தாண்டிட்டாராம். புது மீன தனித்தொட்டியில வச்சி, நோவு இல்லன்னு பாத்து குடுக்கறோம்னு நம்பித்தான் இந்த சாலவாக்கத்துக்கே வராரு. இந்த வாட்டியும் செத்த மீன காட்டினா அவ்ளோதான். தொட்டிய கவுத்துட்டு வாலாஜாபாத் ரைஸ் மில்லுல மூட்ட தூக்கணும். இந்த இடுப்ப வச்சிக்கினு...

பிரிஸ்கில்லா: யோவ்...

சாம்சன்: அதான் மஞ்சளா கீதே. ஒண்ணும் ஆவாது.

பிரிஸ்கில்லா: பச்சய்யா. மஞ்ச இல்ல, பச்ச. நம்ம வூட்ல ஜெபம் வச்சமே, அதுக்கு மறுநாள்ல இருந்தே பச்சதான்.

சாம்சன்: ஜெபத்துக்கும் தொட்டிக்கும் இன்னாடி?

பிரிஸ்கில்லா: சபையே வருது, பாஸ்டரம்மா வராங்க, இங்க ஒரே கவுச்சி. ஃபில்டர் ஸ்பாஞ்சு கருப்பா, கொழகொழன்னு இருந்துச்சா... பிளீச்சிங் பவுடர் போட்டு தேச்சி, வெள்ளையாக்கி மாட்டிட்டேன்.

சாம்சன்: அதானா... ஐயோ பிரிசி, அந்தக் கொழகொழப்புலதான்டி நல்ல கிருமி கீது. மீனு கழிக்கிற வெசத்த அதுதான் தின்னும்.

பிரிஸ்கில்லா: அப்புறமா போன்ல பாத்துதான் தெரிஞ்சிக்கினேன். சொல்லலாம்னு வருவேன்... போன வாட்டி மீனு செத்தப்ப கெணத்தாண்ட போய் நின்னுக்கினு இருந்தியே, அது ஞாபகம் வந்துடும். மஞ்சன்னு சொல்லிடுவேன். திட்டுய்யா.

சாம்சன்: இன்னாத்த திட்ட...

பிரிஸ்கில்லா: அவரு வரதுக்குள்ள பாதி தண்ணிய எடுத்துட்டு புதுசு ஊத்திடலாம். கடல் மீனாச்சே, உப்ப நான் கலக்கறேன். அந்த உப்பு பக்கெட்ட எடுத்துக் குடு.

சாம்சன்: வேணாம்.

பிரிஸ்கில்லா: இன்னா வேணாம்? நவுரு, நானே எடுக்கறேன்... இன்னாய்யா, காலியா கீது?

சாம்சன்: ரொம்ப நாளா காலிதான்.

பிரிஸ்கில்லா: அடுப்பாண்ட கல்லுப்பு கீதே, அத போட்டா...

சாம்சன்: சோத்துக்குப் போடற உப்பு இதுங்களுக்கு ஆவாதுடி.

பிரிஸ்கில்லா: அப்போ, தண்ணி மாத்திட்டேன் மாத்திட்டேன்னு என்னாண்ட சொன்னதெல்லாம்?

சாம்சன்: நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே நானும் டெஸ்ட் பண்ணிடுவேன் பிரிசி. எனக்கும் பச்சதான். மாத்தறதுக்கு உப்பு இல்ல, வாங்க வக்கும் இல்ல. அப்புறம் நீ வந்து மஞ்சன்னு சொல்லுவ... அத கேட்டாதான் அன்னிக்கு எனக்கு சோறு எறங்கும்.