இரண்டு தடவை கூப்பிட்டேன்

– எதிர்க்கதவு வழியா ஏன் போனீங்க? இன்டர்வியூவுக்கு உள்ளே போனவங்க எல்லாரும் வராந்தா பக்கமாத்தான் திரும்பி வந்தாங்க. அடுத்து என்னைக் கூப்பிடுவாங்கன்னு நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நீங்க மட்டும் முகத்தையே காட்டல.

– அதாவது, மேடம், கேன்டீனுக்கு அந்தக் கதவுதான் கிட்டக்க. டீயைக் குடி, ஆறுது.

– கோவம்தானே?

– யார் மேல?

– என் மேலதான். உங்க கையில இருந்த விமானத்தை நான் வாங்கிட்டேன். பின்னாடி பயிற்சி கேப்டன் உட்கார்ந்து எழுதிக்கிட்டிருக்கார், நான் ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’ங்கிறேன். பதினோரு வருஷம் குடும்பம் நடத்தின புருஷன்கிட்ட.

– முதல்ல, அது விமானமே இல்ல. ஆறு கால்ல நிக்கிற பெட்டி, அதுக்குப் பேர் சிமுலேட்டர். ரெண்டாவது, கன்ட்ரோல் பதினோரு வருஷமா உன்கிட்டதான் இருக்கு. இன்னிக்குத்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்கே.

– விளையாடாதீங்க. பழைய கம்பெனியை மூடி எட்டு மாசமாச்சு, ரெண்டு பைலட்டும் தரையிலயே உட்கார்ந்திருக்கோம். அதுக்கப்புறம் வந்த முதல் இன்டர்வியூ இது. பேர் வரிசையில பக்கத்துல பக்கத்துல இருக்கோம்னு ஜோடியாவே ஏத்திவிட்டாங்க. அதுல போய் உங்க வாய்ப்பை நானே கெடுத்துட்டேனோன்னு இருக்கு.

– நீ எங்கே கெடுத்தே? மூவாயிரம் அடியில நிறுத்த வேண்டியதை நான்தானே இறக்கிக்கிட்டே போனேன்.

– முன்னாடி மலை. உயரத்தைப் பாருங்கன்னு ‘ஆல்டிட்யூட்’ சொன்னேன், நீங்க அசையல. மறுபடியும் சொன்னேன். அப்பவும் பதில் இல்ல. ரெண்டு தடவை கூப்பிட்டும் பக்கத்து சீட்லேர்ந்து பதில் வரலைன்னா ஆள் மயங்கிட்டார்னு எடுத்துக்கிட்டு கன்ட்ரோலை வாங்கணும். நாம படிச்ச சட்டம் அது. நான் வேற என்னங்க செய்ய?

– சரியாத்தான் செஞ்சே. என்ன, அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் போட்டா, பேப்பர் படிக்கிற நேரத்துல நான் தினமும் மயங்கின ஆள்தான்.

– சிரிப்பு மூட்டாதீங்க, நான் அழுதுடுவேன்.

– நிஜமாத்தான் சொல்றேன். நீ வாங்கின விதம் இருக்கே, குரல்கூட ஏறல. விமான மூக்கை மெதுவா தூக்கினே, பவரைக் கூட்டினே, ஒண்ணுமே நடக்காத மாதிரி ‘செக்லிஸ்ட் படிங்க’ன்னே. அலமாரிக் கதவுல காக்பிட் படத்தை ஒட்டி, சாப்பாட்டு நாற்காலி ரெண்டைப் போட்டு ஒரு மாசம் பழகினோமே, அப்ப பவர் கூட்டற த்ராட்டில்னு வச்சிருந்த கரண்டியைத் தள்ளின அதே கை. ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவு பெருமையா இருந்துச்சு.

– நீங்க மட்டும் என்னவாம்? வேற ஆளா இருந்தா, ‘நான் கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்’னு அங்கேயே மல்லுக்கு நின்னிருப்பான். நீங்க உடனே கையைத் தூக்கினீங்க, ரேடியோவை எடுத்துக்கிட்டீங்க, லிஸ்ட்டை வரி விடாம படிச்சீங்க. அதுலதான் எனக்குத் தெம்பே வந்துச்சு. ஆனா அக்காகிட்ட இதை எப்படிச் சொல்லுவேன்? ‘நாலு பேர் முன்னாடி கட்டின புருஷனை இப்படியா விட்டுக்கொடுப்பே’ம்பா.

– உங்க அக்காவுக்கு சிமுலேட்டர்னா என்னன்னே தெரியாதே.

– விட்டுக்கொடுக்கறதுன்னா என்னன்னு நல்லாத் தெரியும். சரி, வரிசையா சொல்லுங்க. உள்ளே உங்களை என்ன கேட்டாங்க?

– அதாவது, பறந்த மணிக்கணக்கு நோட்டை ஒவ்வொரு பக்கமா புரட்டினாங்க. எங்க கம்பெனி எதுக்குன்னாங்க. எட்டு மாசமா என்ன பண்ணீங்கன்னாங்க. மகளுக்கு ரெட்டைப் பின்னல் போடக் கத்துக்கிட்டேன்னேன். கேப்டன் பக்கத்துல இருந்த மனநல டாக்டரம்மா சிரிச்சாங்க. கேப்டன் சிரிக்கல.

– அவர் எதுக்குமே சிரிக்கல. என்கிட்ட, கூடப் பறந்த கேப்டனோட முரண்பட்ட சமயம் ஒண்ணு சொல்லுங்கன்னார். பனிமூட்டத்துல கிளம்பியே ஆகணும்னு நின்ன அந்தப் பெரியவரைப் பத்திச் சொன்னேன். நாற்பது நிமிஷம் காத்திருக்கலாம் சார்னு நான் சொன்னதுக்கு மூணு மாசம் என்கூடப் பேசாம இருந்தாரே, அவர்.

– சொன்னியா? அதுதான் வேணும். அன்னிக்கு ஓடுபாதை கண்ணுக்குத் தெரிய நாற்பத்திரண்டு நிமிஷம் ஆச்சு, எனக்கு ஞாபகம் இருக்கு. இன்னிக்குக் காலையிலயும் பார்த்தேனே, ஆறு பேரை உட்கார வச்சுக் காகிதத்துல பாலம் கட்டச் சொன்னாங்க. எல்லாரும் நான் முந்தி நீ முந்தின்னு பேசிக்கிட்டிருந்தப்ப, ஓரமா நின்ன கண்ணாடிக்காரரைப் பார்த்து ‘நீங்க என்ன நினைக்கிறீங்க’ன்னு கேட்டது நீ ஒருத்திதான். அவர் சொன்னபடி மடிச்சப்புறம்தான் பாலமே நின்னுச்சு.

– பேச்சை மாத்தறீங்க. எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான். நான் கூப்பிட்டது உங்க காதுல விழவே இல்லையா? பழைய கம்பெனியோட அந்தச் சின்ன விமானத்துல, எஞ்சின் போடற சத்தத்துலகூட என் பெருமூச்சுக்குத் திரும்பிப் பார்த்த ஆள் நீங்க.

– விழுந்துச்சு. எங்கேயோ தூரத்துல யாரோ யாரையோ கூப்பிடற மாதிரி விழுந்துச்சு.

– அப்படின்னா?

– உன் போன் மினுக்குது பாரு.

– அக்காதான். மெசேஜ் போட்டிருக்கா. ‘குட்டிக்குக் காய்ச்சல் சுத்தமா விட்டிருச்சு. பால் குடிச்சிட்டு விளையாடறா. உன் வீட்டுக்காரரை இனிமேலாவது தூங்கச் சொல்லு.’ என்ன காய்ச்சல்?

– அது ஒண்ணும் பெருசு இல்ல.

– என்ன காய்ச்சல்ங்க?

– முந்தாநாள் ராத்திரி உடம்பு சுட ஆரம்பிச்சுது. டாக்டரை போன்ல கேட்டு மருந்து கொடுத்தேன். பகல்ல இறங்கும், ராத்திரி ஏறும். ஈரத்துணி வச்சுக்கிட்டே இருந்தேன். காலையில அக்கா வீட்ல விடும்போது நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. அதனாலதான் உன்னைக் காரைவிட்டு இறங்க விடல, நேரமாச்சுன்னு அவசரப்படுத்தினேன்.

– இன்டர்வியூவுக்கு முன்னாடி நல்லாத் தூங்கணும்னு என்னை மாடி ரூமுக்கு அனுப்பினீங்க. காதுல பஞ்சு வச்சுக்கோன்னீங்க. ரெண்டு ராத்திரியும் நீங்க தூங்கவே இல்லையா?

– நடுவுல கொஞ்சம் கண் அசந்திருப்பேன்.

– என்கிட்ட ஏன் சொல்லல?

– சொன்னா நீயும் முழிச்சிருப்பே. தூங்காத ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தா, யாரு யாரைக் கூப்பிடறது?

– என் பிள்ளைக்குக் காய்ச்சல்னு என்கிட்ட மறைச்சதை வீட்ல போய்ப் பேசிக்கறேன். அதுக்குத் தனியா இருக்கு உங்களுக்கு. ஆனா நீங்க அந்த சீட்ல எப்படி உட்காரலாம்? உடம்பு முடியலைன்னாலோ தூக்கம் இல்லைன்னாலோ, இன்னிக்கு என்னால பறக்க முடியாதுன்னு நாமளேதான் முதல்ல சொல்லணும். நம்ம தொழில்ல மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்.

– தெரியும். எட்டு மாசம் கழிச்சு வந்த வாய்ப்பு, விட மனசு வரல. ரெண்டு காபி குடிச்சா சமாளிச்சிடலாம்னு நினைச்சேன். பறக்கறவன் நினைக்கவே கூடாத நினைப்பு அதுதான். ஏய், ஏன் அழறே?

– நான் உள்ளே ஒண்ணு சொல்லிட்டேங்க. உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு மறைக்க முடியல.

– சொல்லு.

– எல்லாம் கேட்டு முடிச்சு, கேப்டன் நோட்டை மூடிட்டார். எழுந்திருக்கலாம்னு பார்த்தேன். அப்பத்தான் கேட்டார், ‘உங்க கணவர் ஓட்டுற விமானத்துல உங்க மகளை ஏத்தி அனுப்புவீங்களா’ன்னு.

– நீ என்ன சொன்னே?

– ‘ஆமா’ன்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அந்த மலை கண்ணு முன்னாடி வந்து நிக்குது. ‘அவ பிறந்ததுலேர்ந்து ஏத்தியிருக்கேன் சார், நாளைக்கும் யோசிக்காம ஏத்துவேன். இன்னிக்கு மாட்டேன். இவர் என் குரலுக்குப் பதில் சொல்லாத ஆளே இல்ல. ஏன் சொல்லலைன்னு தெரியற வரைக்கும் அந்த சீட்ல உட்கார விடமாட்டேன்’னேன். அவர் தலையைக்கூட ஆட்டல. நோட்டைத் திறந்து எழுதிக்கிட்டார். உங்க வேலை என் வாயாலயே போயிடுச்சு.

– இங்கே என்னைப் பாரு.

– எப்படிப் பார்க்கிறது?

– அதே கேள்வியை என்கிட்டயும் கேட்டார், உனக்கு முன்னாடியே. ‘நீங்க ஓட்டினா உங்க மகளை ஏத்துவீங்களா’ன்னு. இன்னிக்கு ஏத்த மாட்டேன் சார், தூங்கி ரெண்டு நாளாச்சு, காலையிலயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், தப்பு பண்ணிட்டேன்னு உள்ளதைச் சொல்லிட்டேன்.

– அவர் என்ன சொன்னார்?

– அப்பத்தான் லேசா சிரிச்சார். அடுத்த மாசம் தூங்கிட்டு வாங்க, மறுபடியும் உட்கார வைக்கிறேன்னார்.

– நிஜமாவா? இதை வந்த உடனே சொல்றதுக்கென்ன? வராந்தா வழியா வந்திருந்தா அங்கேயே என் காதுல போட்டிருக்கலாமே.

– அதுக்குத்தான் எதிர்க்கதவு வழியா அனுப்பினார். ‘அடுத்து உங்க மனைவியைக் கூப்பிடப் போறேன், இதையேதான் கேட்பேன். உங்களைக் காப்பாத்தறதுக்காக மழுப்பினாங்கன்னா அவங்களை எடுக்க மாட்டேன். ஒரு கண்ணசைவுகூட காட்டாம அப்படிப் போயிடுங்க’ன்னார். வந்ததும் கேட்டுடலாம்னு பார்த்தேன், பயமா இருந்துச்சு. இங்கே இருபது நிமிஷமா வாங்கின டீயைத் தொடாம, நான் வேண்டிக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என் பொண்டாட்டி என்னை விட்டுக்கொடுத்துடணும்.